இரண்டு கார்களுக்கு ஒரே மேக்னெட்டோ

சண்முகவேல் அண்ணாச்சி இறந்த செய்தி எனக்கு இந்தியில் வந்தது. சென்ற செவ்வாய்க்கிழமை காலை புரோத்ராபூரிலிருந்து ஜக்மோகன் தொலைபேசியில் அழைத்தார். எண்பதைத் தாண்டிய குரல். "டேக்கேதார் சலா கயா," என்றார். கான்டிராக்டர் போய்விட்டார். எப்போது, எப்படி என்று நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, தொலைபேசியை வைக்கும் முன் தமிழில் ஒன்று கேட்டார்: "இனிமே நான் யார்கூட சண்டை போடறது?"

மின்னி பே பகுதியில் அண்ணாச்சியின் வீட்டு முன் அன்று கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் அவரைச் சாலை போட்ட கான்டிராக்டராக அறிந்தவர்கள். இளையவர்கள் அவரை மகனுடைய இரும்புச் சாமான் கடையில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களைக் கண்டிக்கும் பெரியவராக அறிந்தவர்கள். அவரிடம் ஒரு காலத்தில் இத்தாலிய நாட்டுப் பந்தயக் கார் ஒன்று இருந்தது என்று நான் சொன்னபோது ஒரு இளைஞர் சிரித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காரைக் கண்ணால் கண்டவர்கள் தீவில் இன்று சிலரே இருக்கிறோம். அவர்களில் ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அண்ணாச்சி கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ஐம்பதுகளின் இறுதியில் சென்னையிலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தார். குடியேற்றக் கிராமங்களுக்குச் சாலை வெட்டும் வேலை அப்போது மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஓரிரு ஆண்டுகளில் அவர் சொந்தமாக ஒப்பந்த வேலை எடுக்கத் தொடங்கினார். எளிதில் பழகக்கூடியவர் என்று அவரைப் பற்றி எழுதினால் அவரே ஒப்பமாட்டார். கோபக்காரர். தன்னுடையது எதுவானாலும் அதைப்பற்றிப் பெருமை பேசுவதில் அவருக்குக் கூச்சம் கிடையாது. பிறருடையதைப் பாராட்டுவதில் மட்டும் மிகுந்த சிக்கனம். வேறொரு கான்டிராக்டர் கட்டிய நல்ல தடுப்புச் சுவரைக் காட்டி அபிப்பிராயம் கேட்டால், "இன்னும் விழலைலா, அதுவரைக்கும் சரி," என்பார்.

அந்நாட்களில் நான் சென்னை நாளிதழ் ஒன்றுக்குத் தீவிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர் கட்டிய சிறுபாலம் ஒன்று மழையில் அடித்துக்கொண்டு போனதாகப் புகார் வந்தது. விசாரிப்பதற்காக மின்னி பேயில் இருந்த அவருடைய பட்டறைக்குப் போனேன். அவர் மறுக்கவில்லை.

"பாலம் போனது உண்மைதான் தம்பி. எப்படிப் போச்சுன்னு காட்டுதேன், ஏறுங்க," என்றார்.

எதில் ஏறுவது என்று பார்த்தேன். தார்ப்பாயை விலக்கினார். உள்ளே இடுப்பளவு உயரத்தில், நீள மூக்குடன், கதவே இல்லாத ஒரு வண்டி நின்றது. ஒருவர் உட்காரலாம், இன்னொருவர் தன்னைத்தானே மடித்து வைத்துக்கொண்டால் அவரும் உட்காரலாம். அப்படித்தான் பாலத்துக்குப் போனோம். பாலம் இருந்த இடத்தில் மண் அரித்த விதத்தை அவர் விளக்கியது எதுவும் என் காதில் ஏறவில்லை. வந்த வேகம் மட்டும்தான் உடம்பில் இருந்தது.

அந்தக் கார் அவருக்குக் கிடைத்தது தற்செயலாகத்தான். சென்னையில் பழைய இயந்திரங்களை ஏலம் விட்டபோது ஒரு ரோடு ரோலரையும் இரண்டு பம்புகளையும் சேர்த்து ஒரே குவியலாக எடுத்திருந்தார். குவியலின் அடியில் இது கிடந்தது. ஏதோ ஒரு ஜமீன் வீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். எஞ்சினைக் கழற்றித் தண்ணீர் இறைக்கப் பயன்படுத்தலாம் என்று நினைத்துத்தான் கப்பலில் ஏற்றினார். "ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டுக் கழத்துவோம்னு நெனச்சேன். ஸ்டார்ட் பண்ணிருக்கப்பிடாது," என்று பின்னாளில் சொன்னார். எஞ்சின் கழற்றப்படவே இல்லை.

தன்னிடம் இருப்பது தீவின் ஒரே பந்தயக் கார் என்ற அவருடைய பெருமை சில மாதங்கள்தான் நீடித்தது. புரோத்ராபூரில் இன்னொன்று இருந்தது.

அதன் சொந்தக்காரர் ஜக்மோகன், மர ஆலையில் ஃபோர்மேன். ஆங்கிலேயர் இங்கே கைதிகளைக் கொண்டுவந்து குடியமர்த்திய காலத்திலிருந்து தீவில் வாழும் குடும்பம்; உள்ளூர்ப் பிறப்பு என்று நாங்கள் சொல்வோமே, அந்த வகை. போருக்கு முன் வனத்துறையில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் நாடு திரும்பும்போது தம்முடைய ஆங்கிலப் பந்தயக் காரை ஜக்மோகனின் தந்தையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஜப்பானியர் காலம் முழுவதும் அது மாட்டுக் கொட்டகையில் தென்னை ஓலைக் குவியலுக்குள் கிடந்தது. அவர்கள் கண்டுபிடித்திருந்தால் வண்டியோடு தந்தையின் உயிரும் போயிருக்கும். அதனால் அந்தக் குடும்பத்தில் அதை யாரும் வண்டி என்று மட்டும் நினைக்கவில்லை.

இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இரண்டு நாட்டு மக்களையே பார்த்ததுபோல இருக்கும். ஆங்கிலக் கார் உயரமானது, கனமானது. அதற்கும் கதவு கிடையாது. முன்மூடியின் மேல் அகலமான தோல்வார். கியர் கம்பியும் கை பிரேக்கும் உடலுக்கு வெளியே. ஒரு போல்ட் போதும் என்ற இடத்தில் இரண்டு போட்டிருப்பார்கள். எஞ்சின் பெரியது, அதன் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். டெலானிபூர் ஏற்றத்தில் கியரை மாற்றாமலே ஏறிவிடும். இத்தாலிக் காரின் எஞ்சின் அதில் பாதி அளவுதான். ஆனால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் ஒன்று அதனுடன் இருந்தது; வேகம் கூடக்கூட அதன் ஒலி விசில்போல உயரும். எடையைக் குறைப்பதற்காகப் பெடல்களில்கூடத் துளையிட்டிருந்தார்கள். டெலானிபூர் ஏற்றத்தில் இதற்கு மூன்று முறை கியர் மாற்ற வேண்டும். ஆனால் மாற்றி முடிப்பதற்குள் ஏற்றம் முடிந்துவிடும்.

"உன் வண்டி மாட்டு வண்டி செஞ்ச ஆசாரி செஞ்சது பாய்சாப். இது நகை செய்யிற ஆசாரி செஞ்சது," என்பார் அண்ணாச்சி.

"நகை போட்டுக்கிட்டு மண் சுமக்க முடியுமா, டேக்கேதார்?" என்பார் ஜக்மோகன். "மழையில உங்க வண்டி ஜுகாம் பிடிச்சு, மூக்கடைச்சு நிக்குது. அப்புறம் எங்க மாட்டு வண்டிதான் வந்து இழுக்குது."

அபர்தீன் பஜார் தேநீர்க்கடையில் இந்தச் சண்டை ஆண்டுக்கணக்கில் நடந்தது. கப்பல் வரும் நாளில் மட்டும் விடுமுறை. கடைக்காரர் இருவருக்கும் தனித்தனி மேசை போட்டுப் பார்த்தார். மேசைக்கு மேசை கத்தினார்கள். மறுபடியும் சேர்த்து உட்கார வைத்துவிட்டார்.

இதற்கிடையில் ஆங்கிலக் காரின் மேக்னெட்டோ கெட்டது. மேக்னெட்டோ என்பது பேட்டரி இல்லாமலே எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி. அது இல்லையென்றால் கார் வெறும் இரும்பு. தீவின் உப்புக் காற்று அதன் கம்பிச்சுற்றை அரித்துவிட்டது. சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கேட்டு எழுதியும் கிடைக்கவில்லை. ஜக்மோகன் பஜாருக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

அண்ணாச்சிதான் புரோத்ராபூருக்குப் போய்க் கெட்டுப்போன கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐரோப்பியப் பந்தயங்களில் இந்த இரு நாட்டுக்காரர்களும் எத்தனையோ முறை மோதிக்கொண்டவர்கள். ஆனால் இரண்டு கார்களிலும் இருந்த மேக்னெட்டோ மூன்றாம் நாடான ஜெர்மனியில் செய்யப்பட்டது. ஒரே வகை. இரண்டு எஞ்சினுக்கும் நான்கு சிலிண்டர், ஒரே திசைச் சுழற்சி. இதில் மாட்டியிருப்பதை அதில் மாட்டலாம்.

அப்படித்தான் அந்த ஏற்பாடு தொடங்கியது. ஒரு ஞாயிறு இத்தாலிக் கார் ஓடும். மறு ஞாயிறு ஆங்கிலக் கார். மற்ற நாட்களில் மேக்னெட்டோவை ஈரம் படாமல் காக்க அண்ணாச்சி வீட்டு அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பார்கள். ரேடியோ வால்வுகளையும் கேமராக்களையும்கூட நாங்கள் அப்போது அரிசியில்தான் வைத்தோம். அவருடைய மனைவி பொன்னம்மாள் மதினிக்கு அதில் பெரிய வருத்தம். "ஊர்ல அரிசில கல்லு கெடக்கும். என் வீட்டு அரிசில காரு கெடக்கு," என்பார். விருந்துக்குப் போனவர்கள் சோற்றில் பெட்ரோல் வாடை இருப்பதாகச் சொன்னதுண்டு. நானும் சாப்பிட்டிருக்கிறேன். இருந்தது உண்மைதான்.

இந்த ஏற்பாட்டினால் ஒரு விளைவு. எந்தக் கார் உயர்ந்தது என்று சண்டை போட்டவர்களால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்கவே முடியாமல் போனது. சண்டை நீடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அறுபதுகளின் பிற்பகுதியில் ஒரு கோடையில், தீவின் பெரிய அதிகாரி ஒருவருக்கு பம்பாயிலிருந்து விருந்தாளி வந்தார். பழைய கார்களைச் சேகரிப்பவர். மரியாதையான மனிதர், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. இரண்டு கார்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருந்தார். கப்பலின் மேல்தளத்தில் ஒரு வண்டிக்குத்தான் இடம் தருவார்கள், ஆகவே இரண்டில் சிறந்ததை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

விற்க முடியாது என்று சொல்லக்கூடிய நிலையில் இருவருமே இல்லை. அண்ணாச்சியின் பட்டறை நின்ற நிலத்தின் குத்தகை அந்த அதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. ஜக்மோகனின் மூத்த மகனுடைய வேலை உத்தரவும் அதே மேசையில்தான் இருந்தது. அதிகாரி எதையும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

மறுநாள் விருந்தாளி புரோத்ராபூருக்கு வந்தபோது அண்ணாச்சியும் நானும் உடனிருந்தோம். கொட்டகையில் ஆங்கிலக் காரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் ஜக்மோகன் தாமாகவே பேச்சைத் தொடங்கினார்.

"சச் போலூன் தோ சாப், உண்மையச் சொன்னா, டேக்கேதாரோட காடிதான் நம்பர் ஒன். இது என்ன? பைல் காடி. மாட்டு வண்டி."

அண்ணாச்சி ஒருகணம் திகைத்தார். பிறகு அவருக்கும் விளங்கிவிட்டது.

"அவரு தன்னடக்கமாச் சொல்லுதாரு அய்யா," என்றார். "இந்தக் கனத்தப் பாருங்க. எத்தன போல்ட்டு பாருங்க. மலைய முட்டினாலும் மலைக்குத்தான் அடி. என்னுது தகரம். மழை பேஞ்சா சளி பிடிச்சிரும்."

"ஆனா டேக்கேதார் சாப், உங்க வண்டில சூப்பர்சார்ஜர் இருக்கே?" என்றார் ஜக்மோகன்.

"அது வெறும் சத்தம்லா பாய்சாப். ஏத்தத்துல மூணு கியர் மாத்தணும். நீங்கதான எப்பவும் சொல்லுவீக?"

இத்தனை ஆண்டுகளாகச் சொன்னதையெல்லாம் இருவரும் வரிசையாகத் திருப்பிப் போட்டார்கள். நான் மாட்டுத் தொட்டியின் பக்கம் திரும்பி நின்று சிரிப்பை அடக்கினேன். விருந்தாளி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "உங்கள் இருவரின் பெருந்தன்மை எனக்குப் பிடித்திருக்கிறது," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "ஓட்டிப் பார்த்துவிடலாம்."

தீவில் நீளமான சமதரை லம்பா லைன் விமான ஓடுதளம் ஒன்றுதான். விமானம் வராத நாளில் அனுமதி வாங்கினார்கள். காலையில் மாடுகளை விரட்டினோம். விருந்தாளி கையில் நிறுத்துக் கடிகாரத்துடன் அதிகாரியோடு ஒரு முனையில் நின்றார். மேக்னெட்டோ ஒன்றுதான் என்பதால் ஒரு கார் ஓடி முடித்தபின்தான் மற்றது ஓட முடியும்.

"பெஹலே ஆப்," என்றார் ஜக்மோகன்.

"இல்ல, மொதல்ல நீங்க," என்றார் அண்ணாச்சி.

ஜக்மோகன்தான் முதலில் ஓட்டினார். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவதுபோல ஓட்டினார். ஆங்கிலக் காரை அறிந்த எங்களுக்கு அது அதன் வேகத்தில் பாதிகூட இல்லை என்று தெரியும். இறங்கும்போது அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

அண்ணாச்சி மேக்னெட்டோவைக் கழற்றித் தம்முடைய காரில் மாட்டத் தொடங்கினார். நான் அருகில் நின்று ஸ்பேனர்களை எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கருவியை எஞ்சினுடன் இணைக்கும் இடத்தில் பற்கள் உண்டு. அடையாளக் கோடுகளும் உண்டு. ஒரு பல் தள்ளி மாட்டினால் தீப்பொறி தாமதமாக விழும். எஞ்சின் ஓடும், ஆனால் இழுவை இருக்காது. வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் காரணம் தெரியாது. அவர் ஒரு பல் தள்ளித்தான் மாட்டினார். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

கைப்பிடியைச் சுழற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இருமலும் பெருமூச்சுமாக ஓடியது. விசில் எழவே இல்லை. அண்ணாச்சி இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வேகத்தைக் கூட்டினார்; அது இன்னும் மோசமாக இருமியது. அவர் அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"ஸ்பேனரக் கொடுங்க தம்பி."

"அண்ணாச்சி, இப்படியே விட்டால் வண்டி உங்களோடு இருக்கும்," என்றேன் தாழ்ந்த குரலில்.

"இருக்கும். ஆனா இந்தச் சத்தத்த அது போட்டு நான் கேட்டதில்ல. அந்த மனுஷன் அதக் கேட்டுட்டு, இத்தாலிக்காரன் செஞ்சது இம்புட்டுத்தான்னு ஊருக்குப் போயிச் சொல்லுவாரு."

கோடுகளை நேர்படுத்தி மறுபடி மாட்டினார். அதன்பின் அவர் ஓட்டிய ஓட்டத்தை விவரிக்க என் தொழிலில் கற்ற சொற்கள் போதவில்லை. ஓடுதளத்தின் கடைசி வரை அந்த விசில் உயர்ந்துகொண்டே போனது. மறுமுனையில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன. திரும்பி வந்து நின்றபோது விருந்தாளி கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. "இதுதான்," என்றார்.

ஜக்மோகன் ஓடி வந்தார். "பாகல் ஹை க்யா? பைத்தியமா உங்களுக்கு? கழற்றுங்க டேக்கேதார். மேக்னெட்டோவை எனக்குத் தாங்க. நான் இன்னொரு தடவை ஓட்டறேன். இந்தத் தடவை சரியா ஓட்டறேன், கசம் ஸே, சத்தியமா."

"முடிஞ்சுபோச்சு பாய்சாப்."

"கழற்றுங்கன்னு சொல்றேன்!"

"எஞ்சின் சூடா இருக்கு. கைய வைக்க முடியாது," என்றார் அண்ணாச்சி. காரின் மூக்கில் சாய்ந்து நின்றுகொண்டார். அது ஆறும்வரை அங்கேயே நின்றார். விருந்தாளியும் அதிகாரியும் போகும்வரை அது ஆறியதாக ஒப்புக்கொள்ளவும் இல்லை.

கப்பல் புறப்பட ஒரு வாரம் இருந்தது. தீவில் அப்போது தண்ணீர்த் தொட்டி, கதவு, படகு, கார் எல்லாவற்றுக்கும் துறைமுகப் பட்டறையின் சாம்பல் நிறப் பெயிண்டைத்தான் அடிப்போம். உப்புக்குத் தாங்குவது அது ஒன்றுதான். இத்தாலிக் காரும் வந்த நாளிலிருந்து சாம்பல்தான். அந்த வாரம் அண்ணாச்சி வேலைக்குப் போகவில்லை. பெயிண்டைச் சுரண்டினார். கீழே சிவப்பு இருந்தது. அந்த நாட்டின் பந்தய நிறம்.

மதினி பார்த்துவிட்டு, "இம்புட்டு வருசமா செவப்புன்னு சொல்லவே இல்லியே?" என்று கேட்டார்.

"நீ கேட்டியா?"

மதினி ஒரு கந்தைத் துணியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார்.

சாத்தம் துறையில் பாரந்தூக்கி அதை வலையோடு தூக்கியபோது சரக்கேற்றுபவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். விருந்தாளியின் ஆள் மேக்னெட்டோ எங்கே என்று கேட்டார். அதை அண்ணாச்சி காரிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். "அது அந்த இங்கிலீஷ் வண்டியோடது. உங்க ஊர்ல இது கெடைக்கும். இங்க கெடைக்காது," என்றார். விருந்தாளி அதைக் கேட்டுத் தலையசைத்தார். அது உண்மையில் இத்தாலிக் காருடையது என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு ஜக்மோகன் மேக்னெட்டோவை எடுக்க வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மழைக்காலம் தொடங்கியது. ஒருநாள் அண்ணாச்சி அரிசி டின்னையே தூக்கிக்கொண்டு பேருந்தில் புரோத்ராபூருக்குப் போனார். "அரிசி புழுத்துப்போச்சுன்னு சொல்லுதா எங்க வீட்டுக்காரி. இனிமே உன் வீட்டு அரிசில வச்சுக்கோ," என்று கொட்டகை வாசலில் வைத்தார். ஜக்மோகன் டின்னைத் தொடவில்லை. அண்ணாச்சியே மேக்னெட்டோவை எடுத்து மாட்டினார். கோடுகளைச் சரிபார்த்தார். பின்பு இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்து, "ஓட்டு. எப்படித்தான் ஓடுதுன்னு பாப்போம்," என்றார்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் அவர் அந்த இருக்கையில்தான் இருந்தார். வழி நெடுக ஆங்கிலேயர்களின் குறைகளைச் சொல்லிக்கொண்டே வருவார். இத்தாலிக் காரைப் பற்றித் தானாகப் பேசியதில்லை. ஒருமுறை மெயின்லேண்டிலிருந்து வந்த ஆங்கில வார இதழில் கண்காட்சி ஒன்றின் புகைப்படம் வந்திருந்தது. சிவப்புக் கார், சுற்றிலும் கயிறு. நான் கொண்டுபோய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "டயர் சரியில்ல," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் அவரிடம் நேராகவே கேட்டேன்: இரண்டில் எது சிறந்தது?

"தெரியாது தம்பி. அவன் அன்னைக்கு ஒழுங்கா ஓட்டலைலா." பிறகு, "ஒழுங்கா ஓட்டிருந்தா என்னத் தாண்டிருப்பான்னு நெனைக்கேன். அவன்கிட்டச் சொல்லிராதீக," என்றார்.

நான் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை ஜக்மோகனுக்கு யாரேனும் படித்துக் காட்டினால், அண்ணாச்சி அவருக்கு விட்டுச் சென்ற பாராட்டு இது என்று சொல்லுங்கள்.

நான் அவர்களைக் கடைசியாகச் சேர்ந்து பார்த்தது சென்ற பருவமழைக்கு முன்பு, டெலானிபூர் ஏற்றத்தில். சாலையோரம் ஒதுங்கி நின்றேன். ஆங்கிலக் கார் கியர் மாற்றாமல் நிதானமாக ஏறி வந்தது. ஜக்மோகன் ஓட்டினார். அண்ணாச்சி மடியில் குடையுடன், எதையோ குறைசொல்லியபடி வந்தார். கதவில்லாத அந்த வண்டி என்னைக் கடந்தபோது அவருடைய கால்கள் தெரிந்தன. செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். பெடல் எதுவும் இல்லாத அந்தத் தரைப்பலகையை அவருடைய வலது பாதம் முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது.

அந்தப் பாதத்தைத்தான் செவ்வாய்க்கிழமை தொட்டு வணங்கிவிட்டு வந்தேன். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், அண்ணாச்சி.